அரை சதவீதம்

37 புத்தகங்களைக் காணோம்.

மே மாத வெயிலில் ஃபேனைக்கூட நிறுத்திவிட்டு (ஓடினால் பட்டியல் தாளெல்லாம் பறக்கும்) நானும் எங்கள் அட்டெண்டர் அண்ணனும் பதினோரு நாள் ரேக் ரேக்காக எண்ணினோம். அவர் புத்தகத்தை உருவி, உள்ளே எழுதியிருக்கும் அக்செஷன் நம்பரை, அதாவது நூலகப் பதிவு எண்ணை, தெலுங்கில் வாசிப்பார். நான் அதை மனசுக்குள் தமிழில் மாற்றிக்கொண்டு, அச்செடுத்த பட்டியலில் பென்சிலால் டிக் போடுவேன். அவருக்குத் தமிழ் பேச நன்றாக வரும், படிக்க வராது. நம்பர் மட்டும் போதும் என்பதால் வேலை ஓடியது. எங்கள் நூலகத்தின் தமிழ்ப் பிரிவில் மொத்தம் ஆறாயிரத்துச் சொச்சம் புத்தகங்கள். முதல் சுற்றில் 61 சிக்கவில்லை. மறுபடி தேடியதில் 24 கிடைத்தன. மிச்சம் 37.

கிடைத்த 24-இல் பாதிக்கு மேல் எங்கே இருந்தன தெரியுமா? எதிர் வரிசையில், தெலுங்கு நாவல்களுக்கு நடுவே. புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டுப் பிரிக்கும் டூயி வகைப்பாட்டில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811, தெலுங்கு இலக்கியத்துக்கு 894.827. முதுகில் ஒட்டிய லேபிள் கிழிந்து கடைசி இரண்டு இலக்கம் போய்விட்டால் தமிழ் நாவல் தெலுங்குப் பக்கம் குடியேறிவிடும். யாரும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊரே அப்படிக் குடியிருக்கிற ஊர்தானே.

நான் ஏகாம்பரகுப்பத்துக்காரி. நகரியை ஒட்டிய விசைத்தறி ஊர். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இரண்டும், ஆபீசில் தெலுங்கு, ஃபைலில் இங்கிலீஷ். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. ரயிலில் சில ஸ்டேஷன் தள்ளியிருந்த நாங்கள் ஆந்திரத்திலேயே தங்கிவிட்டோம். தினமும் காலை மெமு ரயில் பிடித்துத் திருப்பதிப் பக்கம் போகிறேன். வழியில் புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட வந்தவர்கள் கையைத் துண்டில் தொங்கவிட்டுக்கொண்டு இறங்குவார்கள். திருப்பதிப் பக்கத்து ஒரு பல்கலைக்கழகத்தில் நான் உதவி நூலகர். தமிழ்ப் பிரிவு என் பொறுப்பு. பல்கலைக்கழகத்தின் பெயர் இந்தக் கதைக்குத் தேவையில்லை.

அந்த 37 ஏன் இத்தனை முக்கியம் என்றால், அந்த வருடம் என் பதவி உயர்வு ஃபைல் போக வேண்டியிருந்தது.

நம் ஊரில் வேலை நிரந்தரமாவது பெரிய சங்கதி இல்லை. ஒரு வருடம் புரொபேஷன், வேண்டுமானால் இன்னொரு வருடம் நீட்டுவார்கள், அப்புறம் கன்ஃபர்மேஷன். எடை போடுவதெல்லாம் பதவி உயர்வின்போதுதான். சம்பள லெவல் 10-இலிருந்து 11-க்குப் போக, பிஎச்.டி. இருந்தால் நாலு வருடம், எம்.ஃபில். என்றால் ஐந்து, என்னைப் போல வெறும் முதுகலை என்றால் ஆறு வருடம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு கமிட்டி எப்போது கூடுகிறதோ அப்போது. எனக்கு ஆறு வருடம் எட்டாகிவிட்டது.

2018 ஜூலையில் யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வெளியிட்ட விதிமுறையில் நூலகர்களை மதிப்பிடுவதற்கென்றே ஒரு அட்டவணை இருக்கிறது. நான் அதை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. ஐந்து வரி. முதல் வரி வருகைப் பதிவு: 90 சதவீத நாள் வந்திருந்தால் 'நன்று', 80-க்கு மேல் என்றால் 'திருப்தி'. இரண்டாவது, கருத்தரங்கு நடத்தியது. மூன்றாவது, புத்தகங்களில் எத்தனை சதவீதம் கம்ப்யூட்டர் பட்டியலில் ஏறியிருக்கிறது. நான்காவது, இருப்பு எண்ணியதும் காணாமல் போனதும்: 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் நன்று, 1-க்குக் கீழே என்றால் திருப்தி, அதற்கு மேல் போனாலோ எண்ணவே இல்லையென்றாலோ திருப்தி இல்லை. ஐந்தாவது ஒரு கலவைச் சாதம், அதில் ஆய்வுக் கட்டுரையும் உண்டு, அட்மிஷன் வேலையும் உண்டு. இந்த ஐந்தில் முதல் வரி கட்டாயம். அதோடு வேறு இரண்டு, அந்த இரண்டில் நான்காவது இருந்தாக வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், ஒழுங்காக வந்தாயா, தொலைக்காமல் வைத்திருந்தாயா என்ற இரண்டு கேள்வியிலிருந்து மட்டும் தப்ப முடியாது.

ஒரு நூலகரிடம் கேட்க வேண்டிய கேள்விகளா இவை? வாட்ச்மேனிடமும் இதையேதான் கேட்பார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விதியை எழுதியவர்களுக்கு நூலக வேலை தெரியாமல் இல்லை. முதல் வரியிலேயே, நூலகத்துக்கு வரும் நாட்களில் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். புத்தகங்களையும் இதழ்களையும் ஒழுங்குபடுத்திப் பராமரிப்பது, ஆராய்ச்சியாளர்களுக்கு வேண்டியதைத் தேடிக் கொடுப்பது, வாசகர் சேவை, கல்லூரி இணையதளத்துக்கு உதவுவது. எல்லாம் இருக்கிறது. ஆனால் அத்தனைக்கும் சேர்த்து அளவுகோல் ஒன்றுதான்: எத்தனை நாள் வந்தாய். வாசகர் சேவை முழுவதும் பயோமெட்ரிக் மெஷினில் வைக்கிற கட்டைவிரலுக்குள் அடங்கிவிட்டது.

போன வருடங்களில் நான் செய்த வேலைகளில் எதைப் பற்றியாவது எனக்குப் பெருமை உண்டு என்றால் அது இரண்டுதான்.

ஒன்று பட்டியல். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே தமிழ்ப் பிரிவு 100 சதவீதம் கம்ப்யூட்டரில் ஏறியிருந்தது. ஒப்பந்தத்தில் வந்த டேட்டா என்ட்ரி பையன்கள், தமிழ் எழுத்து தெரியாதவர்கள், யாரோ வாசித்துக் காட்ட, காதில் விழுந்ததை இங்கிலீஷ் எழுத்தில் தட்டியிருந்தார்கள். திருக்குறளே எட்டு விதமாக இருந்தது. டி-யில் தொடங்கி சில, டி-ஹெச்சில் தொடங்கி சில, ஒரு கே, இரண்டு கே, கடைசியில் ஒரு எல், இரண்டு எல். 'ழ' வந்த இடமெல்லாம் அதோகதி. ஒருவர் இஸட்-ஹெச், ஒருவர் எல், தெலுங்குக் காதுக்கு ஏற்றபடி ஒருவர் டி போட்டிருந்தார். ஆழ்வார் என்று தேடினால் பாதி ஆழ்வார்கள் வரமாட்டார்கள்.

ஆசிரியர் பெயர் இன்னொரு கூத்து. தெலுங்கில் பெயருக்கு முன்னால் வரும் இனிஷியல் வீட்டுப்பெயர், அதாவது குடும்பப்பெயர். அதை முதலில் போட்டு வரிசைப்படுத்துவதில் நியாயம் உண்டு. தமிழில் இனிஷியல் அப்பா பெயர், சில சமயம் ஊர்ப் பெயர். அதையும் குடும்பப்பெயர் என்று நினைத்து முன்னால் தூக்கி வைத்ததில், பட்டியலில் 'எஸ்' என்ற ஒரே ஆசிரியர் இருநூறு புத்தகம் எழுதியிருந்தார். கதை, கவிதை, இலக்கணம், சித்த வைத்தியம், எதையும் விடவில்லை.

இரண்டு வருடம் உட்கார்ந்து அத்தனையையும் மாற்றினேன். நாங்கள் பயன்படுத்துவது கோஹா என்ற நூலக மென்பொருள். அது யூனிகோடில் தமிழை அப்படியே ஏற்றுக்கொள்ளும். நூலகப் பட்டியல்களுக்கான மார்க் 21 வடிவத்தில் வேற்று எழுத்துக்கென்றே 880 என்று ஒரு புலம் இருக்கிறது. இங்கிலீஷ் எழுத்தை ஒரே முறைக்குக் கொண்டுவந்து, பக்கத்திலேயே தமிழ் எழுத்திலும் ஏற்றினேன். ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து புத்தகம். கவுண்டரில் கூட்டம் இல்லாத நேரத்தில், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், ரயில் தாமதம் என்று தெரிந்த சாயங்காலங்களில்.

கமிட்டி முன்னால் உட்கார்ந்தேன். அட்டவணையிலேயே சொல்லியிருக்கிறபடி ஒரு உறுப்பினர் திடீர்ச் சோதனை செய்தார். தன் மடிக்கணினியில் எங்கள் இணையப் பட்டியலான ஓபேக்கைத் திறந்து திருக்குறள் என்று தட்டினார். உடனே வந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார். நானே வாயைக் கொடுத்தேன். இது முன்பெல்லாம் வராது சார், இரண்டு வருடமாகத் திருத்தியிருக்கிறேன் என்று. அவர் ஃபைலைப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "முன்னாடியும் நூறு பர்சென்ட்னு போட்டிருக்கு, இப்பவும் நூறு பர்சென்ட்னு போட்டிருக்கு. மாறினது என்னம்மா?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேள்வி நியாயமானது. அந்தக் காகிதத்தின்படி ஒன்றுமே மாறவில்லை.

இரண்டாவது வேலைக்குக் காகிதமே கிடையாது. ஒரு பையன், எம்.ஏ. வரலாறு, நகரிப் பக்கத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. முதலில் "மேடம்" என்றுதான் வந்தான். என் ஊரைக் கேட்டதும் "அக்கா" ஆகிவிட்டான். எல்லைப் பிரிவினையைப் பற்றி ப்ராஜெக்ட். 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் முழுக்க அந்தப் பக்கம் போனது, ம.பொ.சி., மங்கலங்கிழார் ஆகியோரின் போராட்டம், எல்லைத் தகராறுக்குப் படாஸ்கர் தந்த தீர்ப்பு, 1959-இல் எல்லை மாற்றச் சட்டம், இதெல்லாம் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் ஓரளவு படித்திருந்தான்.

"அக்கா, எனக்குத் தமிழ் பேச்சுதான். எழுத்து தெரியாது. கொஞ்சம் படிச்சுக் காட்டுறீங்களா?"

எங்கள் ஊரில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. வீட்டில் தமிழில் சண்டை போட்டுவிட்டுத் தெலுங்கு மீடியத்துக்கோ இங்கிலீஷ் மீடியத்துக்கோ போகிற பிள்ளைகள். நாலு மதியம் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். அவன் தமிழைக் காதால் வாங்கித் தெலுங்கு எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டான். தொல்காப்பியப் பாயிரம் தமிழுக்கு வட எல்லையாக வேங்கடத்தைச் சொல்கிறது என்ற இடம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தான். வெளியே அந்த மலைதான். "இதுவா அக்கா?" என்றான். இதேதான் என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அடுத்த பத்திக்குப் போனோம்.

அந்த நாலு மதியமும் என் ஃபைலில் நாலு நாள் வருகையாக இருக்கிறது.

என்னோடு எம்.எல்.ஐ.எஸ். (நூலகவியல் முதுகலை) படித்த தோழி ஒருத்தி அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறாள். அங்கே நூலகர்களுக்கும் பேராசிரியர்கள் போலவே டென்யூர் என்ற பணி நிரந்தரம் உண்டு, அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. சில பல்கலைக்கழகங்களில் நூலகர் முழு ஆசிரியர், சிலவற்றில் வெறும் ஊழியர். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நடுவாந்திரமாக 'கேரியர் ஸ்டேட்டஸ்' என்று வேறொன்று வைத்திருக்கிறார்கள். இவளுடைய இடத்தில் ஆறாவது வருடம் மொத்தமாக எடை போடுவார்கள், தேறாவிட்டால் வேலையே போய்விடும். செய்கிற வேலை, எழுதுகிற ஆய்வு, துறைக்குச் செய்கிற தொண்டு என்று மூன்று தட்டு. வெளியூர் நூலகர்களுக்கு ஃபைலை அனுப்பி எழுத்தில் கருத்து வாங்குவார்கள். கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. என் ஃபைலை இன்னொரு நூலகர் உட்கார்ந்து படிப்பார் என்பதே எனக்கு ஆடம்பரமாகத் தோன்றியது. அவள் சிரித்தாள். "நீ வேற. கட்டுரை எழுதணும்கிற பயத்துல ரெஃபரன்ஸ் டெஸ்க்ல உட்கார்றதையே குறைச்சுக்கிட்டேன்டி. வர்ற பிள்ளைங்க என்னால லேட்டாவாங்களா, அவங்களால நான் லேட்டாவேனான்னு ஓடுது" என்றாள்.

கட்டுரை என்றதும் என் மானம் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், புள்ளி சேர்க்க வேண்டும் என்ற பதற்றத்தில், பணம் கட்டி ஒரு இதழில் கட்டுரை போட்டேன். தலைப்பு 'மின் வளங்கள் குறித்த மாணவர் விழிப்புணர்வு' மாதிரி ஏதோ ஒன்று. அறுபது மாணவர்களிடம் படிவம் கொடுத்து வாங்கி, நாலு வட்ட வரைபடம் போட்டது. ஒரு வாரத்தில் ஏற்றுக்கொண்டோம் என்று மெயில் வந்தது. அப்போதே உறைத்திருக்க வேண்டும். 2018 மே மாதம் யூஜிசி தான் அங்கீகரித்த இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. என் இதழ் அதில் ஒன்று. அந்தக் கட்டுரையை இதுவரை யாரும் மேற்கோள் காட்டவில்லை, நான் உட்பட.

அளவுகோலே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. அளவுகோல் இல்லாத காலத்தைப் பற்றி சீனியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் முன்னால் போய் நின்றார்கள் என்பதுதான் தகுதி. நாற்காலியில் தூங்கியே ஓய்வு பெற்ற நூலகர்களையும் பார்த்திருக்கிறேன். தொலைந்த புத்தகத்தைக் கேட்பதும் சரிதான். தொலைந்தது என்பது அடுத்து வருகிறவனிடமிருந்து பறித்ததுதான். என் சங்கடம் வகுத்தலில் இருக்கிறது. 37-ஐ எதால் வகுப்பது?

யூஜிசி அட்டவணை அதைச் சொல்லவில்லை. எங்கள் கமிட்டி இருப்பால் வகுத்தது. 6,140 புத்தகத்தில் 37 என்றால் 0.6 சதவீதம். 'நன்று' போய் 'திருப்தி'. ஆனால் இந்த அரை சதவீதத்துக்கு ஒரு மூத்த அண்ணன் இருக்கிறான். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் விதி 215. நூலகப் புத்தகம் எண்ணுவதைப் பற்றிப் பேசுவது அது. இருபதாயிரத்துக்குள் இருக்கும் நூலகம் என்றால் வருடா வருடம், ஐம்பதாயிரம் வரை மூன்று வருடத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் போனால் மாதிரி எடுத்துப் பார்த்தால் போதும். தொலைவதைப் பற்றி அது சொல்வது இது: ஒரு வருடத்தில் இரவல் போன, எடுத்துப் படிக்கப்பட்ட ஆயிரம் புத்தகத்துக்கு ஐந்து தொலைவது இயல்பு, அதில் அலட்சியமோ நேர்மையின்மையோ இருக்கக் கூடாது. அரிய நூல், ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூல் என்றால் விசாரிக்க வேண்டும். ஆயிரத்துக்கு ஐந்து என்பதும் அரை சதவீதம்தான். ஆனால் வகுக்கும் எண் வேறு. அலமாரியில் தூங்கும் புத்தகங்களால் வகுக்கச் சொல்லவில்லை, ஆட்கள் கையில் எடுத்த புத்தகங்களால் வகுக்கச் சொல்கிறது.

என் பிரிவில் வருடத்துக்குச் சுமார் நாலாயிரம் தடவை புத்தகம் கை மாறுகிறது. கவுண்டரில் இஷ்யூ ஆவதோடு, மேஜையில் படித்துவிட்டுப் போட்டுவிட்டுப் போவதையும் அட்டெண்டர் அண்ணன் அடுக்குமுன் எண்ணி வைப்பார். கடைசியாக எண்ணி மூன்று வருடம். பன்னிரண்டாயிரத்தில் 37. அதாவது 0.3. அந்தக் கணக்கில் அறுபது வரை எனக்கு அனுமதி உண்டு.

பக்கத்துப் பிரிவில் பைண்டு செய்த பழைய இதழ்கள், பூட்டிய பீரோக்களில். அந்த சார் நல்ல மனிதர், எனக்கு ரயில் நேரம் ஆகும்போதெல்லாம் கவுண்டரைப் பார்த்துக்கொள்வார். அவருக்குக் காணாமல் போனது பூஜ்யம். நன்று. அந்த பீரோக்களைத் திறக்கச் சொல்லி வருடத்துக்கு நாலு பேர் வந்தால் அதிகம். எதால் வகுத்தாலும் பூஜ்யம் பூஜ்யம்தான்.

விதி 215-ஐ அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். அது மத்திய அரசுக்கு, நாம் பல்கலைக்கழகம் என்றார்கள். அதுவும் உண்மைதான்.

சரி, உயர்வு கிடைத்துவிட்டது. வருகை நன்று, மற்றவை சமாளிக்கும்படி இருந்தன, நான்காவது வரியில் 'திருப்தி' இருந்தாலே போதும் என்பதால் தப்பித்தேன். அம்மாவிடம் போனில் சொன்னபோது பின்னால் தறிச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை, மூன்று தடவை கத்த வேண்டியிருந்தது. மெமுவில் எதிரே இருந்தவர்கள் எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள்.

எழுந்து வரும்போது கமிட்டித் தலைவர் அக்கறையாகத்தான் சொன்னார்: "இந்தத் தமிழ் ரேக்குகளுக்கு ஒரு கிரில் போட்டுடுங்கம்மா. கேட்டா எடுத்துக் குடுங்க. அடுத்த தடவை நன்று வாங்கிடலாம்."

சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான ரங்கநாதன் 1931-இல் ஐந்து விதிகளை வெளியிட்டார். முதல் விதியே புத்தகம் பயன்படுவதற்கு என்பதுதான். அதை விளக்கும்போது, ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததிலிருந்துதான் தொடங்குகிறார். ஆகஸ்ட் 12-ஆம் தேதி நூலகர் தினத்துக்கு எங்கள் நூலகத்தில் அவர் படத்துக்கு மாலை போடுவோம். படம் மாட்டியிருப்பது தமிழ் ரேக்குக்கு நேர் எதிரே.

கிரில் போடச் சொல்லி எழுத்திலும் ஆர்டர் வந்துவிட்டது. பர்ச்சேஸ் விதிப்படி மூன்று கொட்டேஷன் வேண்டும். நகரியில் ஒரு வெல்டிங் கடையிலும் புத்தூரில் ஒன்றிலும் வாங்கி ஃபைலில் வைத்திருக்கிறேன். அட்டெண்டர் அண்ணன் வாரத்துக்கு ஒரு தடவை கேட்கிறார், மூணாவது எப்பம்மா வரும் என்று. இன்னும் யாரிடமும் கேட்கவில்லை.